ஒரே ஒரு கிளாஸ்

துணைச் சுகாதார நிலையம்,
வெள்ளிமலை வழி,
14.7.87

ப்ரியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ப்ரியாவை இரண்டு நாள் அனுப்பி வை என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபமெல்லாம் தீர்ந்துபோய்ப் பயம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

குடித்துவிட்டு அவளை மொபெட்டில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்து கோமுகி வாய்க்காலில் கவிழ்ந்தீர்களே, அதில் உடைந்த கை கூடிவிட்டது. நர்ஸ் வேலை பார்ப்பதால் கட்டை நானே பிரித்தேன். எலும்பு நேராகத்தான் சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்த மலையில் எப்போதாவது ஒரு மொபெட் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து என் புடவைக்குள் நுழைந்துகொள்கிறாள். ஏழு வயதுப் பெண்.

கயிறு கட்டிக்கொண்டு வந்தால் நம்புவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து குடியை விடுகிறேன் என்று எந்தெந்தக் கோயிலில் கயிறு கட்டினீர்கள் என்பது உங்களுக்கே மறந்திருக்கும். ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குடித்தீர்கள். இன்னொன்றை அவிழ்க்காமலே குடித்தீர்கள். சாமியையும் சேர்த்து ஏமாற்றியது போதும்.

வேறு ஒன்று சொல்கிறேன். சின்னசேலத்தில் என்னோடு படித்த அமிர்தம் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் உங்களைவிட மோசம். அந்த மனிதர் இப்போது குடிப்பதில்லை. மருந்து இல்லை, மந்திரம் இல்லை. குடித்துக் கெட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஓர் அறையில் கூடி உட்கார்ந்து பேசுகிறார்களாம், அவ்வளவுதான். ரயிலடிக்குப் பின்னால் பழைய ஜவ்வரிசிக் கிடங்கு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சேலத்தில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பிழைத்தவராம். அவர்தான் சின்னசேலத்தில் ஆரம்பித்திருக்கிறார்.

போய்ப் பாருங்கள். போனால் ப்ரியாவை அனுப்புவேன் என்று சொல்லவில்லை. நானும் வருவேன் என்று சொல்லவில்லை. மலைக்கு மட்டும் வராதீர்கள். வாசலில் யாராவது ஆண் இருமினால்கூட நான் தாழ்ப்பாளைப் போடுகிறேன்.

கோகிலவாணி


மேலக்காட்டுக் கொட்டாய்,
வடக்கனந்தல் வழி,
27.7.87

வாணிக்கு,

போனேன். இதை முதலில் எழுதாவிட்டால் கடிதத்தைப் பாதியிலேயே கிழித்துப் போட்டுவிடுவாய்.

முதல் ஞாயிறு போனது போனதில் சேர்த்தி இல்லை. கிடங்குக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பட்டப்பகலில் சாராயக் கடைக்குள் நுழைந்தபோதெல்லாம் வராத வெட்கம், குடியை விடுகிற இடத்துக்குள் நுழைய வந்துவிட்டது. நேற்று டீக்கடைப் பக்கமே திரும்பாமல் நேராக உள்ளே போனேன்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. பேரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொள்வார்கள். என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கப் பக்கத்தில் திரும்பினால், பெஞ்சில் என் தோளோடு தோளாக உட்கார்ந்திருக்கிறான் நம் ஊர்க் காலனி வீரமுத்து. நம் கரும்பு வெட்டுக்கு வருகிறவன். நம் வாசலில் நின்றபடியே கூலி வாங்கிப் போகிறவன். எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அவனும் என்னைப் பார்த்துப் பதறிப் பாதி எழுந்துவிட்டான். அந்த ரயில்வே பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்து, "இங்க யாரும் எழுந்து நிக்க வர்றதில்லப்பா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம்.

வீரமுத்து பேசினான். அவன் பெண்டாட்டி சாலம்மாளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று வண்டி பிடித்து வரக் கிளம்பியவன், வழியில் சாராயக் கடையில் உட்கார்ந்துவிட்டானாம். அவன் வீட்டுக்குப் போனபோது குழந்தை இறந்து பிறந்திருந்தது. ஊரில் இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அவன் வாயால் கேட்டது வேறாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. அங்கே சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். அன்று வாய்க்காலில் விழுந்ததும் நான் முதலில் தேடியது ப்ரியாவை இல்லை. இடுப்பில் இருந்த பாட்டிலை.

அங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது, அதுதான் அங்கே கட்டுப்பாடு. வீரமுத்து பெயரை உனக்கு எழுதியதே தப்பு. நீயாவது அதை விழுங்கிவிடு.

காசிநாதன்


வெள்ளிமலை வழி,
11.8.87

ப்ரியா அப்பாவுக்கு,

பாட்டிலைத் தேடினேன் என்ற வரியைப் படித்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுதவே கூடாது என்று இருந்தேன். அன்று தடுப்பூசி போட வந்த பிள்ளைகளை எல்லாம் காரணம் இல்லாமல் திட்டினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்குச் சொன்னதில் அது ஒன்றைத்தான் பொய்யாக இருக்குமோ என்று நான் சந்தேகப்படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடர்ந்து போகிறீர்கள் என்று அமிர்தம் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருக்கிறது. நீங்கள் ஒரு மாதம் ஒழுங்காக இருக்கும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான். நன்றாக இருக்கிற நாட்களில்தான் நான் நம்ப ஆரம்பிப்பேன். நம்பிய பிறகு விழுகிற அடிதான் ஜாஸ்தி வலிக்கும்.

நான் இருக்கிற இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஓடைக்கு ஓடை சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள். காற்று திரும்பினால் ஆஸ்பத்திரிக்குள் அந்த வாடை வருகிறது. ப்ரியா ஒருநாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, அப்பா வந்திருக்காரா என்று கேட்டாள். உங்கள் பெண் உங்களை அந்த வாடையால்தான் தெரிந்துவைத்திருக்கிறாள்.

இன்னொன்று. வீரமுத்துவோடு பேசுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அவனை ஒருநாளும் நான் வாசலில் நிற்க வைத்ததில்லை, நீங்கள்தான் வைத்தீர்கள். ஆனால் காலம் சரியில்லை. அடுத்த மாதம் ஒரு வாரம் சாலை மறியலாம், பஸ் ஓடாது என்று கண்டக்டர் சொல்கிறார். இட ஒதுக்கீடு கேட்டு நம்மாட்கள் சாலைக்கு வரும்போது, காலனிக்காரர்கள் இதற்கு எதிரி என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். உங்கள் பெரியப்பா மகன் கொளஞ்சியப்பன்தான் ஊரில் சாதிச் சங்கத்துக்குத் தலைவராமே. அவர் கண்ணில் நீங்கள் இருவரும் ஒன்றாகப் பட வேண்டாம்.

கோகிலவாணி


மேலக்காட்டுக் கொட்டாய்,
8.9.87

வாணிக்கு,

நீ சொன்னபடி ஊருக்குள் நானும் வீரமுத்துவும் பார்த்துக்கொண்டால்கூடப் பேசுவதில்லை. சின்னசேலத்துக்கும் வேறு வேறு பஸ்ஸில் போகிறோம். அங்கே போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுகிறோம். திருட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் மாதிரி இருக்கிறது எங்கள் பிழைப்பு.

ஊர் கொதித்துக் கிடக்கிறது. வரும் பதினேழாம் தேதியிலிருந்து மறியல். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கொளஞ்சியப்பன் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். நானும் போகிறேன். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. என் அக்கா மகன் கலையரசன் அவ்வளவு மார்க் வாங்கியும் இடம் கிடைக்காமல் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறான். கேட்காமல் யார் கொடுக்கப் போகிறார்கள்.

எனக்குப் பயம் போலீஸ் இல்லை, தடியடி இல்லை. ஆண்கள் நாலு பேர் ஒரு காரியத்துக்குக் கூடினால் நடுவில் ஒரு குடம் வந்துவிடும். கிளம்பும்போது தைரியத்துக்கு, திரும்பும்போது அலுப்புக்கு. இத்தனை காலம் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தவன் நான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. போன வாரம் கூட்டம் முடிந்து ஊற்றியபோது, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

மறியல் வாரத்தில் ஒரு ஞாயிறு வருகிறது. சின்னசேலம் போக முடியாது. குடிக்கத் தோன்றினால் வேறு ஒரு குடிகாரனைத் தேடிப் போய்ப் பேசு என்றுதான் பெரியவர் சொல்வார். எனக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஒரே ஆள் வீரமுத்து.

ப்ரியாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றி நல்லதாகவும் சொல்ல வேண்டாம்.

காசிநாதன்


மேலக்காட்டுக் கொட்டாய்,
22.9.87

வாணி,

தபால் இல்லை. உங்கள் மலை வேடியப்பன் கடுக்காய் விற்க இறங்கி வந்து இங்கே மாட்டிக்கொண்டான். காட்டு வழியாக நடந்தே மேலே போகிறானாம். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

சாலை நெடுக இருந்த புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டோம். நானும் வெட்டினேன். கிளம்பும் முன் மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு குடம் சாராயத்தை வைத்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, யாரையும் யாரும் காட்டிக்கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். என் முறை வந்தபோது நெரிசலில் கிளாஸைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டுச் சத்தியம் மட்டும் செய்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கொளஞ்சியப்பன் பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குக் குடி நினைப்புதான். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று செய்தி வந்து ஊரே அழுதுகொண்டிருந்தது. எந்தக் கொட்டாய்க்குப் போனாலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் வீரமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன். நம் மோட்டார் கொட்டகைக்கு வந்தான். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தோம். சின்னசேலத்தில் செய்வது போலவே பேரைச் சொல்லிக் குடிகாரன் என்றோம். கேட்பதற்கு நாங்கள் இருவர்தான். பேசப் பேச அந்த நினைப்பு குறைந்தது. இரண்டு பேர் இருந்தாலும் அது கூட்டம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் விடியும்போது போலீஸ். விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்தார்கள். வேறு வீட்டைத் தட்டவில்லை. மரம் வெட்டியதில் முன்னால் நின்ற நான்கு பேர் வீட்டுக்கு நேராகப் போய் அடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவன் கொளஞ்சியப்பனின் தம்பி. யாரோ சொல்லாமல் வீடு தெரிந்திருக்காது. முந்தின நாள் நானும் காலனி ஆளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஊருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

நான் செய்த ஒரு காரியமும் சேர்ந்துகொண்டது. உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் கொளஞ்சியப்பன் மலையிலிருந்து லாரி டியூப்பில் சாராயம் இறக்கியதை, சாதா உடுப்பில் வந்த மதுவிலக்குப் போலீஸ்காரன் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தான் என்பதற்காக அவனிடமே உளறிவிட்டேன். கொளஞ்சியப்பன் உள்ளே போய் வந்தான். ஒரு முறை சொன்னவன் மறுமுறையும் சொல்வான் என்கிறார்கள்.

நேற்று மாலை ஆட்களோடு வந்தான். வீரமுத்துவோடு உனக்கு என்ன பேச்சு என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் வீரமுத்துவின் கதையைச் சொல்ல வேண்டும், சின்னசேலம் கிடங்கைச் சொல்ல வேண்டும். எல்லோர் பெயரும் வெளியே வரும். கொளஞ்சியப்பன் சத்தம்கூடப் போடவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம கோயிலாண்ட வா. எல்லார் எதுக்கவும் அதே கொடத்துலேர்ந்து ஒரு கிளாஸ் குடி. குடிச்சா நீ எங்காளு. இல்லன்னா நீயும் அவனும் ஒண்ணு. அவனுக்கு இன்னா நடக்குதோ அதான் ஒனக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலனியில் ஒரு வைக்கோல் போர் எரிந்துவிட்டது. யார் வைத்தது என்று தெரியாது. அவர்கள் என்னை அடிப்பதைவிட, ஒரு கிளாஸ்தானே என்று என் மனசு திரும்பத் திரும்பச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது.

காசிநாதன்


வெள்ளிமலை வழி,
24.9.87

என்னங்க,

குடித்துவிடுங்கள்.

நான்தான் எழுதுகிறேன். வேடியப்பன் கடிதத்தைக் கொடுத்தான். கீழே நடப்பதை அவனும் சொன்னான். ஒரு ஊரில் ஒருவனைக் கரும்புத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்களாம், அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லையாம். உண்மையோ வதந்தியோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். காயம்பட்டு வருகிறவர்களுக்குத் தையல் போடுகிற கைதான் இது. ஆனால் உங்களை அப்படிக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் கிடத்தினால் என்னால் ஊசியைப் பிடிக்க முடியாது.

ஒரே ஒரு கிளாஸ். மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் நம்பட்டும். மறியல் அடங்கியதும் மறுபடி சின்னசேலம் போங்கள், அந்தப் பெரியவரிடம் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லுங்கள், அவர் புரிந்துகொள்வார். இதற்காக நான் உங்களை ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன். ப்ரியா மேல் சத்தியம்.

குடிக்க மனம் இல்லையென்றால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வீரமுத்துவும் குடிகாரன், அதனால்தான் பேசினோம் என்று சொல்லுங்கள். யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்? கட்டுப்பாடு முக்கியமா, உயிர் முக்கியமா? நான் சொல்வது தப்பு என்று எனக்கும் தெரியும். அவனும் ஒரு சாலம்மாளுக்குப் புருஷன். தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

குடித்த நீங்கள் வீட்டுக்கு வருவீர்களோ என்று பயந்தே என் வயசு போயிற்று. இப்போது குடிக்காததால் வராமல் போய்விடுவீர்களோ என்று பயப்படுகிறேன். என்னை எந்தப் பாடு படுத்துகிறீர்கள் பாருங்கள்.

வேடியப்பன் மறுபடி இறங்கச் சம்மதித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

வாணி


மேலக்காட்டுக் கொட்டாய்,
29.9.87

வாணி,

உயிரோடு இருக்கிறேன். குடிக்கவில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் வலது கை வீங்கியிருக்கிறது. முறியவில்லை என்று நினைக்கிறேன். நீ பார்த்தால்தான் தெரியும்.

உன் கடிதத்தை வேடியப்பன் ஞாயிறு காலையில் கொடுத்தான், இதையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். முதல் வரியைப் படித்ததும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? வாயில் எச்சில் ஊறிவிட்டது. அவ்வளவு சந்தோஷம். என் பெண்டாட்டியே குடிக்கச் சொல்லிவிட்டாள், இனி யார் கேட்பது என்று வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புகிறவன் மாதிரி கண்ணாடி பார்த்துத் தலை வாரினேன். கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்ததும்தான் உறைத்தது. சாவுக்குப் பயந்து குடிக்கப் போகிறவன் மூஞ்சி அது இல்லை. எனக்கு அவர்கள் மேல் இருந்த பயமே போய்விட்டிருந்தது, அந்த அளவுக்கு எனக்கு அந்தக் கிளாஸ் வேண்டியிருந்தது.

வீரமுத்துவைப் பார்க்கப் போக முடியவில்லை. வைக்கோல் போர் எரிந்ததும் அவன் சாலம்மாளைக் கூட்டிக்கொண்டு தியாகதுருகத்தில் அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். போகும் வழியில் கரும்புக்குள்ளிருந்து ஒரு முறை குரல் கொடுத்தான். "ஒண்ணோட நிக்கற ஆளுங்களா நாம? அத மட்டும் நெனச்சிக்கினு இருங்க" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டான்.

கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் மாமன் மச்சான்தான், பங்காளிதான். கொளஞ்சியப்பன் தானே மொண்டு கொடுத்தான். கையில் வாங்கிவிட்டேன். வாடை ஏறியது. கொஞ்சம் சிந்தியது, ஐயோ வீணாகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் எப்படியோ வாயைத் திறந்து பேசிவிட்டேன். பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"கொளஞ்சி, போன வருசம் ஒன்ன நான் எதுக்குக் காட்டிக் குடுத்தேன்? காசுக்கா? ஒரு கிளாசுக்கு. இந்தக் கிளாஸ நான் குடிச்சா நாளைக்கு இன்னொண்ணு வேணும். நாளன்னைக்கு எவன் ஊத்திக் குடுத்தாலும் இங்க இருக்கற அத்தன பேர் பேரையும் சொல்லுவேன். ஒங்க ரகசியம் எங்கிட்ட பத்திரமா இருக்கணும்னா, நீங்களே என்னக் குடிக்க வுடக் கூடாது."

என்னை அவர்களுக்குத் தெரியும் அல்லவா. நான் சொன்னது பொய் இல்லை என்பது ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. வீரமுத்துவோடு என்ன பேச்சு என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என்னைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்ல முடியும், நான் குடிகாரன், குடிக்காமல் இருக்கப் பார்க்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றேன்.

கொளஞ்சியப்பன் கிளாஸைப் பிடுங்கி அப்படியே என் முகத்தில் ஊற்றினான். அவன் கண் கலங்கியிருந்தது. தம்பி உள்ளே கிடக்கிறான் அல்லவா. பிறகு இரண்டு மூன்று பேர் அடித்தார்கள். கையைத் தூக்கித் தடுத்தபோதுதான் இது வீங்கியது. அடித்தவர்களில் ஒருவன் அழுதுகொண்டே அடித்தான். கொஞ்ச நேரத்தில் கொளஞ்சியப்பனே நிறுத்தச் சொல்லிவிட்டான்.

சாராயம் உதட்டில் வழிந்தது. துப்பினேன். துப்புவதற்கு முன்னால் ஒரு கணம் நாக்கு வெளியே வரப் பார்த்தது. உனக்கு மறைக்க மாட்டேன். அப்படியே போய் வாய்க்காலில் இறங்கி, சட்டையோடு தலை மூழ்கி நின்றேன்.

அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை. யார் காட்டிக் கொடுத்தது என்றும் தெரியவில்லை. என்னோடு யாரும் பேசுவதில்லை. மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் வர மாட்டேன் என்கிறார்கள். இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். வீரமுத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, அதனால் இப்போது என் கூட்டத்தில் நான் ஒருவன்தான். அதுதான் பெரிய பயம். சின்னசேலம் பஸ் இன்னும் விடவில்லை. வரும் ஞாயிறு விடிந்ததும் நடக்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். வழியில் கொளஞ்சியப்பன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு இரண்டு ஊர். ஒவ்வொன்றிலும் ஊற்றிக்கொண்டுதான் இருப்பார்கள்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ பயந்து எழுதினாய். எனக்காக நீ இவ்வளவு பயப்படுவாய் என்று நான் நினைத்ததில்லை.

காசிநாதன்


வெள்ளிமலை வழி,
1.10.87

என்னங்க,

கையை அசைக்காதீர்கள். இரண்டு பக்கமும் மூங்கில் பட்டையை வைத்துத் துணியால் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு உருவ யாரையும் விடாதீர்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆமாம், வருகிறேன். எனக்கு என்னவோ தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஜாஸ்தி பயந்துகொண்டிருக்கிறேன். உங்களைக் குடிக்கச் சொன்னேன். உங்களைக் கொல்ல வருகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். நானும் அவர்களும் ஒரே பக்கம் நின்றோம் என்பதை நினைத்தால் இங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ப்ரியாவிடம், அப்பாவைச் சிலர் அடித்துவிட்டார்கள், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். குடித்தாரா என்று கேட்டாள். குடிக்கவில்லை, குடிக்க மாட்டேன் என்று சொன்னதால்தான் அடித்தார்கள் என்றேன். குடிச்சப்போ யாருமே அடிக்கலையே என்றாள். அவள் வர மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். இன்னும் மொபெட் சத்தத்துக்கு ஒளிந்துகொள்கிறவளை நான் இழுத்துக்கொண்டு வர முடியாது. இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஆயம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். நீங்களும் இப்போதைக்கு அவளைப் பற்றிக் கேட்கக் கூடாது.

திரும்பவும் குடும்பம் நடத்த வருகிறேனா என்றும் கேட்கக் கூடாது. எனக்கே தெரியாது. ஜீப் ஒன்று சனிக்கிழமை கச்சிராயபாளையம் வரை மருந்து எடுக்க இறங்குகிறது, அதில் வந்துவிடுவேன். இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் வேடியப்பன் அங்கே காத்திருந்து துணைக்கு வருகிறான். வெள்ளைப் புடவையிலேயே வருகிறேன், நர்ஸ் என்றால் வழியில் விட்டுவிடுவார்களாம். கதவைத் தட்டினால் நான்தான், பயப்படாமல் திறங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்துக்கு நான் உங்களோடு நடக்கிறேன். கொளஞ்சியப்பன் வீட்டைத் தாண்டும்போது நான் அந்த வீடு இருக்கும் பக்கமாக, உங்களை மறைத்து வருகிறேன். கிடங்குக்குள் என்னை விட மாட்டார்கள் என்று அமிர்தம் சொல்கிறாள். பரவாயில்லை. நீங்கள் பேசி முடிக்கும்வரை வெளியே நிற்கிறேன்.

வாணி